திறப்பு யாருடைய லாச்சியில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 27 வயது. திருமணமாகி ஒரு வருடம். இப்போது ஏழாவது வாரம். விடிய எழும்பியதும் ஓங்காளம். மத்தியானத்துக்குப் பிறகு தலைச்சுற்று. மார்பில் நோ. நான்கு நாளாக மலம் போகவில்லை. குசினியில் வெங்காயம் தாளிக்கும் மணம் வந்தாலே சத்தி வருகிறது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். அடிக்கடி சலம் வருகிறது. கழிப்பறைத் திறப்பு முதலாளியின் மேசை லாச்சியில் இருப்பதால் பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன், அதனால் அது பிரச்சினையில்லை. சலம் போகும்போது கொஞ்சம் எரிவு இருக்கிறது, சூடு என்று மாமி சொல்கிறார். மூன்று மாதம் கழியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பதால் இன்னும் எங்கும் காட்டவில்லை. இவை எல்லோருக்கும் வருவதுதானா? பிளேன்ரீ குடிக்கலாமா?
– பெயர் வேண்டாம், சுழிபுரம்

பதில்: பிள்ளை, சத்தியும் மார்பு நோவும் எல்லோருக்கும் வருவதுதான். அதைச் சொல்லி உமது முதுகைத் தடவிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்வி மாதத்துக்கு நான்கைந்து வருகிறது. எல்லாவற்றிலும் ஓங்காளமும் தாளித மணமும் இருக்கும். உமது கடிதத்தில் மட்டும் ஒரு திறப்பு இருக்கிறது. அதை வெங்காயத்துக்கும் மாமிக்கும் நடுவில் செருகி, "அதனால் அது பிரச்சினையில்லை" என்று முடித்துவிட்டீர்.

பத்து மணியிலிருந்து கடை பூட்டும்வரை எத்தனை மணித்தியாலம்? அதற்குப் பிறகு மினிபஸ் நெரிசல். சுழிபுரம் போய்ச் சேர இருட்டிவிடும். சித்திரை வெயிலில், நின்ற நிலையில், வயிற்றில் பிள்ளையோடு ஒரு பகல் முழுவதும் ஒரு மிடறு தண்ணீர் இல்லை. கந்தசஷ்டிக்கு வருடம் தவறாமல் உபவாசம் இருக்கிறவர்கள்கூடப் பிள்ளை தங்கியிருக்கிறது என்றால் அந்த வருடம் விட்டுவிடுவார்கள். நீர் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டீர்?

உமது பட்டியலைத் திரும்பப் படியும். கரு தங்கியதும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஓமோன் ஏறுகிறது. கருப்பை இறுகாமல் பார்ப்பது அதன் வேலை. ஆனால் குடல், இரத்தக்குழாய், சலக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்துத் தளர்த்திவிடும். குடல் மந்தமாவதால் மலம் காய்கிறது. இரத்த அழுத்தம் இறங்குவதால் தலை சுற்றுகிறது. சிறுநீரகமோ வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வடிக்கத் தொடங்குகிறது. கருப்பை இன்னும் இடுப்புக்கூட்டுக்குள் இருந்து சலப்பையை நெருக்குகிறது. 12 வாரமளவில் அது மேலே எழும்பினால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். இதுவரை உமது குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தலைச்சுற்று மத்தியானத்துக்குப் பிறகு வருகிறது என்று எழுதியிருப்பவர் நீர்தான். தண்ணீரைப் பத்து மணிக்கு நிறுத்துகிறவரும் நீர்தான். இதைக் கண்டுபிடிக்க வைத்தியர் வேண்டுமா? மலம் நான்கு நாளாகப் போகாததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எரிவுக்கு வைத்தியர் வேண்டும். அது சூடு அல்ல. தளர்ந்த குழாயில் சலம் தேங்கும். குடிக்காமலும் வந்ததை அடக்கிக்கொண்டும் இருந்தால் கிருமி அங்கே வசதியாகக் குடியிருக்கும். இளநீர் குடித்து ஆற்றிவிடலாம் என்று விட்டால் சிறுநீரகம்வரை ஏறும், பிள்ளை மாதம் முந்திப் பிறப்பதற்கும் அது ஒரு காரணம். நாளைக்கே சலம் சோதிக்கக் கொடும். கர்ப்ப காலத்தில் எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, அவற்றை வைத்தியர் எழுத வேண்டும். பார்மசியில் நின்று "எரிவுக்கு ஏதாவது தாருங்கள்" என்று வாங்காதேயும். காய்ச்சல், நடுக்கம், விலாவில் நோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் குத்து, தோள்மூட்டில் நோ, இரத்தம் படுதல், மயக்கம் என்றால் அந்த நிமிடமே. கரு கருப்பைக்குள் அல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

இவ்வளவுக்கும் வேர் அந்த மூன்று மாதப் பூட்டு. வெளியே சொல்லக்கூடாது. ஆகவே அடிக்கடி திறப்புக் கேட்க முடியாது. ஆகவே தண்ணீர் இல்லை. நாவூறு உண்டா இல்லையா என்று நான் வழக்காட வரவில்லை. என்னையும் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றித்தான் வளர்த்தார்கள். உமது மாமி விரும்பினால் தினமும் சுற்றி அடுப்பில் போடட்டும். ஆனால் தங்கியது தெரிந்த கருக்களில் நூற்றுக்குப் பத்தாவது கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள், பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறால். அயல்வீட்டுக்காரி பார்த்த பார்வையால் அல்ல. அப்படியொன்று நடந்தாலும் அன்றைக்குத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டாமா? ஒருவருக்கும் தெரியாமல் இரத்தம் சிந்தி, அடுத்த நாள் ஒருவருக்கும் தெரியாமல் சீலை விரித்துக் காட்டுவதா?

இன்னொன்று. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் ஆறாவது வாரமளவில் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலக் குளிசையைக் கரு தங்க முன்னமே தொடங்கச் சொல்வது அதனால்தான். நீர் எங்கும் காட்டவில்லை என்றால் குளிசையும் போட்டிருக்க மாட்டீர். போனது போகட்டும், இன்றைக்குத் தொடங்கும், 12 வாரம்வரை போடும். உமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் எட்டு வாரத்துக்குள் பதியச் சொல்வது சும்மா அல்ல. மூன்றாம் மாதம் முடிந்து வாழ்த்துச் சொல்லவா அவர் வீடு வீடாக வருகிறார்?

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது எனக்கு மூன்றாம் மாதம். செம்மணி வெளியில் மழை. முன்னால் நாவற்குழிப் பாலம். சனம் அசையவில்லை. சலம் முட்டி, நின்ற இடத்திலேயே அழுதேன். என் மாமி, வாழ்நாளில் வீதியில் குரல் உயர்த்தாத மனுசி, "பிள்ளைத்தாச்சி நிற்கிறாள், விலகுங்கள்!" என்று கத்தினார். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் சீலைத் தலைப்பை விரித்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு கிழவர் முதுகைத் திருப்பிக்கொண்டு தன் குடையைப் பின்பக்கமாக நீட்டினார். அந்த இரவில், அந்தச் சனத்துக்குள் எனக்குக் கிடைத்த மறைவு, சீலையை அட்டி அட்டியாக அடுக்கி வைத்திருக்கிற கடையில் உமக்குக் கிடைக்கவில்லை.

உமது கடிதத்தில் வெங்காயம் வருகிறது, முதலாளி வருகிறார், மாமி வருகிறார். பிள்ளையின் தகப்பன் ஒரு வரியிலும் வரவில்லை. அவர் எங்கே? திங்கட்கிழமை கடை திறக்கிறபோது அவர் உம்மோடு போய் முதலாளியிடம் சொல்லட்டும்: இவர் பிள்ளைத்தாச்சி, திறப்பு லாச்சிக்குள் வேண்டாம், இருக்க ஒரு கதிரை வேண்டும். வேலை போய்விடும் என்று பயமா? கர்ப்பம் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்தச் சட்டம் இடம் தராது. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி 84 நாள் பிரசவ விடுமுறையும் உமக்கு உண்டு. இதைக் கேட்கக் கணவன் எதற்கு, அவள் தனியே கேட்கக்கூடாதா என்று சில பிள்ளைகள் எனக்கு எழுதுவார்கள். கேட்கலாம்தான். ஆனால் பிள்ளை இருவருக்கும். முதலாளிக்கு முன்னால் நெளிந்து நிற்கிற வெட்கத்திலும் பாதி அவருக்கு வரட்டும்.

சத்தி ஒன்பதாவது வாரமளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானோருக்கு 16 வாரத்துக்குள் ஓயும். படுக்கையில் இருந்தபடியே இரண்டு கிறீம் கிறேக்கர் சாப்பிட்டு, கால் மணித்தியாலம் கழித்து எழும்பும். வெறுவயிற்றோடு பஸ் ஏறாதேயும். தாளிப்பதை மாமி பார்க்கட்டும், வாயைப் பூட்டச் சொன்னவர் கரண்டியையும் பிடிக்கலாம். குடித்த தண்ணீரும் தங்காமல் சத்தி, சலம் கடும் மஞ்சளாகிக் குறைகிறது, நிறை இறங்குகிறது என்றால் அது மசக்கை என்று பொறுத்திருக்கிற நிலை அல்ல. சேலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லும். மிடறு மிடறாகக் குடியும். கடை பூட்டும்போது அது வெறும் போத்தலாக இருக்க வேண்டும். வீட்டில் குடிப்பது வேறு.

பிளேன்ரீ குடிக்கலாம், நாளைக்கு இரண்டு கோப்பை. சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அந்த இரண்டு கோப்பையையும் போத்தல் கணக்கில் சேர்க்காதேயும்.