எதிர்ப்பொருள் இருந்தும் மறுபடி கோவிட் ஏன்? மருத்துவப் பணியாளர்கள் கேட்டவை

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்: டாக்டர், 2020இல் எனக்குக் கோவிட் வந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி) இருப்பதாக ரிப்போர்ட்டும் வந்தது. 2022 ஜனவரியில் மறுபடியும் படுத்துவிட்டேன். அந்த ரிப்போர்ட் பொய்யா?

பொய் இல்லை அம்மா. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைகளில் 2020இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். எதிர்ப்பொருள் இல்லாத 11,364 பேரில் 223 பேருக்குத் தொற்று வந்தது. எதிர்ப்பொருள் இருந்த 1,265 பேரில் 2 பேருக்கு மட்டுமே. அவர்களுக்கும் அறிகுறி எதுவும் இல்லை. இருபத்தையாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற பிரிட்டனின் சைரன் ஆய்வில், ஒருமுறை தொற்று வந்தவர்களுக்கு மறுதொற்று அபாயம் 84 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இவை ஒமைக்ரான் என்ற உருமாறிய வைரஸுக்கு முந்தைய கணக்கு. 2021 நவம்பரில் கண்டறியப்பட்ட ஒமைக்ரானின் கூர்ப்புரதத்தில் (வைரஸின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ஸ்பைக் புரதம்) முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய எதிர்ப்பொருள்களில் பலவற்றால் அதைப் பற்ற முடியவில்லை. உங்கள் உடலைக் குறை சொல்லாதீர்கள், மாறியது கிருமி.

ஆய்வக நுட்புநர்: கோவிஷீல்டு தடுப்பூசி போட்ட எனக்கு, வைரஸின் உட்புறப் புரதமான நியூக்ளியோகேப்சிட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லை. கோவாக்சின் போட்ட தோழிக்கு இருக்கிறது. அவருக்குத் தெரியாமலே கோவிட் வந்துபோயிருக்குமா?

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கோவிஷீல்டு கூர்ப்புரதத்தை மட்டுமே உடலுக்குக் காட்டும். கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த முழு வைரஸ், ஆகவே தொற்று வராமலே இந்த எதிர்ப்பொருள் உருவாகலாம். எந்தத் தடுப்பூசி என்று கேட்காமல் இந்தப் பரிசோதனைக்குப் பொருள் சொல்லவே கூடாது.

பயிற்சி மருத்துவர்: ஆறு மாதத்தில் என் எதிர்ப்பொருள் அளவு பாதியாகிவிட்டது. பாதுகாப்பு போய்விட்டதா?

இல்லை தம்பி. அளவு இறங்குவது இயல்பு. பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு செல்களான நினைவு பி செல்களும் டி செல்களும் அதற்குப் பிறகும் நிலைக்கின்றன. மூக்கில் கிருமி நுழைவதைத் தடுக்கும் சக்திதான் முதலில் தேயும். நோய் முற்றாமல் காக்கும் சக்தி அதைவிட நீடிக்கும்.

வார்டு உதவியாளர்: "உங்களுக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே, என்95 முகக்கவசம் எதற்கு?" என்று மேற்பார்வையாளர் கேட்கிறார், ஐயா.

இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது. சைரன் ஆய்விலேயே, முன்பு தொற்று வந்தவர்களில் 155 பேருக்கு மறுதொற்று ஏற்பட்டது. அறிகுறி இல்லாமலே நீங்கள் அதை அடுத்த கட்டிலுக்கும் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் கொண்டுபோகலாம். முகக்கவசம் உங்கள் உரிமை. வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால், மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.