ஆரஞ்சு குறைந்து சிவப்பு வந்தால் டிஎன்ஏ!

கேள்வி: குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்களே, அது டி.வி. திரைக்கு உள்ள சமாச்சாரம்தானே? அதை வைத்து டிஎன்ஏ-வைக் கண்டுபிடிக்கலாம் என்கிறாள் எம்.எஸ்சி. படிக்கும் என் மகள். எப்படி?

பதில்: மகள் சொல்வது சரி. டி.வி.யில் இருப்பதும் இதே ரகம்தான். காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்தியைச் சில நானோமீட்டர் அளவில் படிகமாக வளர்த்தால் அதுதான் குவாண்டம் புள்ளி. அது எந்த நிறத்தில் ஒளிரும் என்பதை அதன் அளவே முடிவு செய்துவிடும். சின்னது நீலப் பக்கம், பெரியது சிவப்புப் பக்கம்.

இப்படி ஒளிரும் ஒன்றின் பக்கத்தில், அந்த நிறத்தை உறிஞ்சக்கூடிய சாயம் ஒன்று வந்து உட்கார்ந்தால், முதலாவது தன் ஆற்றலை ஒளியாக விடாமலே சாயத்திடம் கொடுத்துவிடும், அப்புறம் சாயம் தன் நிறத்தில் ஒளிரும். இதன் பெயர் ஃப்ரெட். 1940-களில் இதற்குக் கணக்குப் போட்டவர் ஜெர்மனியின் தியோடர் ஃபார்ஸ்டர். தூரம் இரண்டு மடங்கானால் இந்தக் கைமாற்றின் வேகம் 64-ல் ஒரு பங்காகிவிடும். 10 நானோமீட்டரைத் தாண்டினால் அநேகமாக ஒன்றுமே நடக்காது. ஆக, நிறம் மாறியது என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்ததைப் பாருங்கள். தேடும் டிஎன்ஏ-வின் ஒரு பாதியோடு பொருந்தும் துண்டில் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறு, மறுபாதியோடு பொருந்தும் துண்டில் சை5 என்ற சாயம். தேடும் டிஎன்ஏ இருந்தால்தான் இந்த இரண்டு துண்டுகளும் அதன் மேல் சேரும். பிறகு, ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பூசிய, 605 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆரஞ்சாக ஒளிரும் புள்ளிகளைக் கலந்தால், அவை பயோட்டினை லபக்கென்று பிடித்துக்கொள்ளும், சை5-ம் கூடவே புள்ளியின் பக்கத்தில் வந்துவிடும். 488 நானோமீட்டர் நீல லேசரைப் புள்ளி நன்றாக உறிஞ்சும், சை5 கண்டுகொள்ளாது. எனவே 670 பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் அது புள்ளி வழியாக வந்த ஆற்றல்தான். ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுக்கும் வேலையும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மேல்பூச்சோடு சேர்த்துப் பார்த்தால் புள்ளி கொஞ்சம் குண்டு, சாயம் அதன் நடுவிலிருந்து தள்ளித்தான் நிற்க முடியும். ஆற்றலில் சரிபாதி கைமாறும் தூரத்துக்கு ஃபார்ஸ்டர் தூரம் என்று பெயர். அதைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி ஒரே ஒரு சாயம் நின்றால் கைமாறுவது சுமார் 8 சதவீதம், ரொம்ப மோசம். ஆனால் குண்டாக இருப்பதாலேயே அதன் மேல் நிறைய இடம் இருக்கிறது. அதே தூரத்தில் 10 சாயம் ஒட்டினால் 47 சதவீதம்! தீர்வும் அந்த உடம்பிலேயே இருக்கிறது.

கேள்வி: அவ்வளவு நல்லதென்றால் கொரோனாவுக்கு ஏன் ஆர்டி-பிசிஆர் எடுத்தார்கள்?

பதில்: பிசிஆர் இருக்கிற கொஞ்ச டிஎன்ஏ-வையும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும், அந்த வசதி புள்ளிக்குக் கிடையாது. அதோடு காட்மியம் நச்சு, தனிப்புள்ளி விட்டுவிட்டு மினுக்கும், பூச்சு சரியில்லாவிட்டால் கட்டிதட்டிவிடும். இன்னொன்று, அந்த ஆர்டி-பிசிஆரில் பரவலாகப் போடுகிற டாக்மேன் என்ற டிஎன்ஏ துண்டிலும் ஃப்ரெட்தான் வேலை செய்கிறது, தலைகீழாக: ஒரு முனையில் சாயம், மறுமுனையில் அதை அணைக்கும் மூலக்கூறு, நொதி வந்து துண்டை வெட்டியதும் சாயம் விலகிப் பிரகாசிக்கும்.