டேலியில் எந்தக் கணக்கை எந்தக் குரூப்பில் வைப்பது: கேள்வி பதில்

சிறு வணிகர்களும் கணக்கெழுதுவோரும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் லெட்ஜர்களை (தனித்தனிக் கணக்குகளை) குரூப் பிரிப்பது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: டேலியில் தொடக்கத்திலேயே 28 குரூப்கள் இருக்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. அவற்றுள் 15 முதன்மைக் குரூப்கள். மற்ற 13 அவற்றுக்குக் கீழே வருபவை. அந்தப் பதினைந்திலும் ஒன்பது ஐந்தொகைக்கும் (சொத்து, கடன்களைக் காட்டும் பேலன்ஸ் ஷீட்) ஆறு லாப நட்டக் கணக்குக்கும் போகின்றன. ஆகவே லெட்ஜர் திறக்கும்போது, மார்ச் 31 அன்று இந்தத் தொகை எந்த அறிக்கையில், எந்தத் தலைப்பில் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் குரூப் தானாகவே பிடிபட்டுவிடும். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் அது டெபாசிட்ஸில் சேரும். மாத வாடகையோ செலவு.

கேள்வி: லாரி வாடகையை டைரக்ட் எக்ஸ்பென்சஸில் வைப்பதா, இன்டைரக்ட்டில் வைப்பதா? எப்படியும் லாபம் ஒன்றுதானே?

நிகர லாபம் ஒன்றுதான். டைரக்ட் செலவுகளை மட்டும் கழித்து வரும் மொத்த லாபம் மாறிவிடும். ரூ.10,00,000-க்குச் சரக்கு வாங்கி, அதைக் கடைக்குக் கொண்டுவர ரூ.40,000 லாரி வாடகை கொடுத்து, அத்தனையையும் ரூ.12,00,000-க்கு விற்றதாகக் கொள்வோம். வாடகையை டைரக்ட்டில் வைத்தால் மொத்த லாபம் ரூ.1,60,000, இன்டைரக்ட்டில் வைத்தால் ரூ.2,00,000. வங்கியில் கடன் கேட்கும்போதும், சென்ற ஆண்டோடு ஒப்பிடும்போதும் முதலில் பார்க்கப்படுவது இந்த மொத்த லாப விகிதம்தான் என்பதால், ஓராண்டு ஒரு குரூப்பிலும் மறு ஆண்டு வேறு குரூப்பிலும் வைத்துவிட்டு, பிறகு விளக்கம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சரக்கை உள்ளே கொண்டுவரும் கூலி டைரக்ட். விற்ற சரக்கை வாடிக்கையாளருக்கு அனுப்பும் கூலி இன்டைரக்ட். இரண்டுக்கும் ஒரே லெட்ஜர் வைத்திருப்பவர்கள் இன்றே பிரித்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கை பேங்க் அக்கவுண்ட்ஸில் திறந்திருக்கிறோம். ஐந்தொகையில் அது மைனஸாக வருகிறது.

ஓடி என்பது வங்கிக்கு நீங்கள் தர வேண்டிய கடன். பேங்க் அக்கவுண்ட்ஸ் குரூப் நடப்புச் சொத்துகளின் கீழ் இருப்பதால், உங்கள் கடன் அங்கே சொத்தைக் குறைத்துக் காட்டுகிறது. லெட்ஜரை பேங்க் ஓடி அக்கவுண்ட் குரூப்புக்கு மாற்றினால், தொகை லோன்ஸ் (லயபிலிட்டி) தலைப்பின் கீழ் வந்துவிடும்.

கேள்வி: ஒரே பார்ட்டியிடம் நூல் வாங்குகிறோம், அவருக்கே துணியும் விற்கிறோம். இரண்டு லெட்ஜர் வேண்டுமா?

நேர் செய்துகொள்வதாக இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் ஒன்றே போதும். அவரிடம் வாங்குவது அதிகமானால் சண்ட்ரி கிரெடிட்டர்ஸ் (நாம் பணம் தர வேண்டியவர்கள்) குரூப்பிலும், அவருக்கு விற்பது அதிகமானால் சண்ட்ரி டெப்டர்ஸ் (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்) குரூப்பிலும் வையுங்கள். தனித்தனியாகப் பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் இரண்டாக வைப்பதே தெளிவு.

கேள்வி: விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்ரோல் லெட்ஜர் திறக்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. பெட்ரோல், போன், பேட்டா என்று ஆளுக்கு மூன்று திறந்தால் பத்துப் பேருக்கு முப்பது லெட்ஜர். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அவர் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். யாருக்காகச் செலவானது என்பதைப் பிரித்துக் காட்ட டேலியில் காஸ்ட் சென்டர் என்ற வசதி இருக்கிறது. மாறாக, வாடிக்கையாளர்களை ஊர்வாரியாக சண்ட்ரி டெப்டர்ஸின் கீழ்த் துணைக் குரூப்களாகப் பிரிப்பது மிகவும் பயன்தரும். வசூலுக்குப் போகிறவர் கையில் ஈரோடு நிலுவையை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: கல்லாவிலிருந்து எடுத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டினேன். எந்தச் செலவு?

தொழிலுக்கு அது செலவே அல்ல. கேப்பிட்டல் அக்கவுண்ட் குரூப்பின் கீழ் டிராயிங்ஸ் (உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்த பணம்) என்ற லெட்ஜரில் எழுதுங்கள்.

கேள்வி: தவறான குரூப்பில் மூன்றாண்டுகளாக இருக்கும் லெட்ஜரை இப்போது மாற்றினால் போதுமா?

லெட்ஜரைத் திருத்தி வேறு குரூப்பைக் கொடுத்தால், அந்த மாற்றம் இன்றைய தேதியிலிருந்து மட்டும் பொருந்துவதில்லை. ஒரே கம்பெனி டேட்டாவில் முந்தைய ஆண்டுகளும் இருந்தால், அவற்றின் ஐந்தொகையும் மாறிவிடும். ஆடிட்டர் கையெழுத்திட்ட பிரதியும் திரையில் தெரிவதும் ஒத்துப்போகாது. பழைய ஆண்டுகளின் கணக்கு முடிந்து ரிட்டர்னும் தாக்கல் ஆகியிருந்தால், பழைய லெட்ஜரை அப்படியே விட்டுவிட்டு, சரியான குரூப்பில் புதிதாக ஒன்றைத் திறந்து, ஏப்ரல் 1 தேதியிட்ட ஜர்னல் பதிவு மூலம் பாக்கியை அதற்கு மாற்றுங்கள். செலவு லெட்ஜராக இருந்தால் ஆண்டுப் பாக்கி எதுவும் இராது என்பதால், அன்று முதல் புதியதில் எழுதத் தொடங்கினாலே போதும்.