தினமும் மின்சார ரயில், மாதம் இருமுறை விமானம்: ஒரே பை போதுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். அத்திப்பட்டு பக்கம் சரக்கு கையாளும் நிறுவனத்தில் வேலை. போக வர மின்சார ரயில். மாதம் இருமுறை விமானத்தில் மும்பை போய் ஓர் இரவு தங்கித் திரும்புகிறேன். 15.6 அங்குல லேப்டாப் எப்போதும் கூடவே இருக்கும். முந்தைய பை ஒன்றரை வருடத்தில் போய்விட்டது. ஜிப் வாயைப் பிளந்தது. உள்பக்கம் பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிர்ந்து துணிமணியெல்லாம் ஒட்டியது. மலையேறப் போகிறவன் மாதிரி தெரியாத, ஒல்லியான, உழைக்கிற பை வேண்டும். ரூ.5,000 வரை செலவழிக்கலாம். 1000 டினியர் (நூல் தடிமனின் கணக்கு) கார்டுரா என்ற முரட்டு நைலான் துணிதான் வாங்க வேண்டும் என்கிறார்களே, அவசியமா? எத்தனை லிட்டர்? பெரியமேட்டில் சொல்லித் தைத்தால் என்ன?

பதில்: 1000 டினியர் அவசியமில்லை. உங்கள் பழைய பை துணி கிழிந்தா போனது? ஜிப்பும் உள்பூச்சும்தான் போயிருக்கின்றன. கடற்காற்று அடிக்கிற ஊரில் பெரும்பாலான பைகளின் கதை இதுதான். வெளித்துணி புதிதாகவே இருக்கும், மற்றதெல்லாம் கைவிட்டிருக்கும். அதனால் இந்த முறை கடைக்குப் போனால் பையைத் திறந்து உள்ளே பாருங்கள். வெளியே தொங்கும் அட்டையைப் பிறகு படிக்கலாம்.

முதலில் அளவு. லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. வெளிப்பாக்கெட்டைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. டேப் எடுத்துப் போங்கள். 46 செ.மீ. உயரம், 30 அகலம், 16 ஆழம் என்றால் பெருக்கிப் பார்க்க 22 லிட்டர் வரும். உங்களுக்கு அது போதும். 15.6 அங்குல லேப்டாப் சுமார் 36 × 25 செ.மீ. இருக்கும், நிறுத்தி வைத்தால் 30 செ.மீ. அகலப் பையில் தாராளமாக இறங்கும். இந்த மூன்று அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஆழம். காலை நேரத்தில் கொருக்குப்பேட்டை தாண்டி வரும் கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு 16 செ.மீ.க்கும் 25 செ.மீ.க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஒல்லி என்று விற்கிற பையும் நிரப்பியதும் வயிறு தள்ளும். ஆகவே லேப்டாப், சார்ஜர், ஒரு சட்டை உள்ளே வைத்த பிறகு சுவரில் முதுகுப்பக்கத்தை ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். 18 செ.மீ.க்குள் இருந்தால் சரி. முதுகில் வலை இழுத்துக் கட்டி, காற்றுப் போக இடைவெளி விட்ட மாடல்கள் வேண்டாம். வியர்வைக்கு நல்லதுதான், ஆனால் லேப்டாப்பின் எடையை முதுகிலிருந்து தள்ளி வைக்கும், ஆழத்தில் சில செ.மீ. தின்றுவிடும்.

விமானத்துக்கு இந்த அளவு எந்தத் தொல்லையும் தராது. இண்டிகோவில் கைப்பை நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 செ.மீ.க்குள், எடை 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 46, 30, 16 கூட்டினால் 92தான். பெரும்பாலும் முன் இருக்கைக்கு அடியிலேயே போய்விடும். மாட்டிக்கொள்வது அளவில் அல்ல, எடையில். ஓர் இரவுப் பயணத்துக்குக் கணக்குப் போடுங்கள்: லேப்டாப்பும் சார்ஜரும் 2.2 கிலோ, பவர் பேங்க் 400 கிராம், இரண்டு சட்டை ஒரு பேண்ட் ஒரு கிலோ, உள்ளாடை, துண்டு, லுங்கி 700, சோப்பு, பிரஷ் வகையறா 400, செருப்பு 400, காகிதங்களும் காலி பாட்டிலும் 500. ஆக 5.6 கிலோ. பையே 1.7 கிலோ என்றால் 7.3 ஆகிவிடும். 1.1 கிலோ என்றால் 6.7. தடித்த 1000 டினியர் துணி, கனமான பக்கிள், மொத்தமான ஃபோம் எல்லாம் சேர்ந்த பைகள் காலியாகவே ஒன்றரை கிலோவைத் தாண்டுவது சகஜம். உங்களுக்கு 1.1 கிலோ உச்சவரம்பு. வீட்டில் எடைபோட, குளியலறை எடைமெஷினில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்கள் விதியை அவ்வப்போது மாற்றும் என்பதால் டிக்கெட்டில் உள்ளதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது துணி. டினியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். அவ்வளவுதான். நூல் எவ்வளவு தடிமன் என்று சொல்லுமே தவிர, எதனால் ஆனது, எவ்வளவு நெருக்கமாக நெய்தது, உள்ளே என்ன பூசியிருக்கிறது என்று சொல்லாது. 500 டினியர் நைலான், 600 டினியர் பாலியஸ்டரை விட உரசலை நன்றாகவே தாங்கும். வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதில் பாலியஸ்டர் ஒரு படி மேல். உங்கள் உபயோகத்துக்கு உடல் பகுதி 420 முதல் 500 டினியர் நைலான், அடிப்பகுதி மட்டும் அதைவிடத் தடித்த துணி என்று இருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். 1000 டினியர் கார்டுராவுக்கு இன்னொரு குணம் உண்டு, விற்பவர் சொல்ல மாட்டார்: அதன் சொரசொரப்பு, தினமும் உரசுகிற காட்டன் சட்டையின் முதுகிலும் இடுப்பிலும் பஞ்சு எழுப்பிவிடும். அலுவலகம் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. எந்தத் துணியானாலும் முதுகுப் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பாக இருக்க வேண்டும்.

உள்ளே உதிர்ந்த செதில், பாலியூரித்தேன் பூச்சு. சுருக்கமாக பியூ என்பார்கள். தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் உட்புறம் பூசுவது. இதில் மலிவான ரகம் காற்றிலுள்ள ஈரத்தாலும் சூட்டாலும் மெல்லச் சிதைகிறது. முதலில் புளித்த வாடை, பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் செதில். பையை உபயோகிக்காமல் பரணில் பாலிதீன் கவருக்குள் கட்டி வைத்தாலும் சிதையும். சொல்லப்போனால் அப்படி வைத்தால்தான் சீக்கிரம் சிதையும். ஆரம்பித்துவிட்டால் சரிசெய்ய வழியில்லை, சுரண்டி எடுத்துவிட்டுப் பூச்சில்லாத பையாக ஓட்டலாம். கடையில் செய்ய வேண்டிய சோதனை மூன்று. பைக்குள் முகத்தை விட்டு மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் அது கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. உட்புறத் துணியை மடித்து ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து விடுங்கள்; பிரியும்போது ஒட்டினால் வேண்டாம். நகத்தால் மூலையில் ஒரு கீறல்; தூளாக வந்தால் வேண்டவே வேண்டாம். உள்ளே தனியாக லைனிங் துணி போட்டு மறைத்திருந்தால், பாக்கெட்டின் ஓரத்திலோ அடிப்பகுதியிலோ பூச்சு எட்டிப்பார்க்கும் இடம் இருக்கும், தேடுங்கள். டிபியூ (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) பூச்சு என்று போட்டிருந்தால் அது பொதுவாக இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

ஜிப் விஷயத்தில் பிளாஸ்டிக் காயில் ஜிப்தான் நம் ஊருக்கு. சுருள் கம்பி மாதிரி நைலான் இழை ஓடுமே, அது. உலோகப் பல் ஜிப் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் காற்றில் பச்சை பூத்து இறுகும். காயில் ஜிப்பிலும் ரன்னர், அதாவது இழுத்து மூடும் தலை, உலோகம்தான், பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. ரன்னரின் முதுகில் எண் பொறித்திருக்கும். ஒய்கேகே என்ற ஜப்பானிய கம்பெனி ஜிப்பில் 5சி, 8சி, 10சி என்று பார்க்கலாம். எண் ஜிப்பின் அகலம், சி என்பது காயில். பிரதான அறைக்கு 8 அல்லது 10, வெளிப்பாக்கெட்டுக்கு 5. பிரதான அறைக்கே 5 போட்ட பையை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெயர் பொறித்த போலி ரன்னர்களும் சந்தையில் ஓடுகின்றன. அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல், ஒரு விரலால் மூலை வளைவில் இழுத்துப் பாருங்கள், தயங்காமல் திரும்ப வேண்டும். ரப்பர் படலம் ஒட்டிய வாட்டர்ப்ரூஃப் ஜிப் பார்க்க லட்சணமாக இருக்கும். வளைகிற இடத்தில் அந்தப் படலம்தான் முதலில் உரியும்.

ஜிப் வாயைப் பிளப்பது பெரும்பாலும் பல் தேய்ந்ததால் அல்ல, ரன்னரின் தாடை விரிந்ததால். பையைத் திணித்து நிரப்பி முழங்காலால் அழுத்தி மூடும்போது தாடை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். துரு அதற்குத் துணைபோகும். ரன்னரை ஆரம்ப முனைக்குக் கொண்டுபோய், அதன் பின்பகுதியின் இரு ஓரங்களையும் சின்ன பிளையரால் மாற்றி மாற்றி, லேசாக அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் ரன்னர் உடையும். இது சில மாதம் தாங்கும். அதற்குப் பிறகு அதே எண், அதே வகை ரன்னராகப் பார்த்து மாற்ற வேண்டும், முழு ஜிப்பையும் பிரித்துத் தைக்கச் சொல்லும் கடைக்காரரிடம் முதலில் ரன்னரை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அத்திப்பட்டு பக்கம் நிலக்கரித் தூள் வேறு. மாதம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் ஜிப்பை உலர்வாகத் தேய்த்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகுவத்தியை ஒருமுறை ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தூளைப் பிடித்து வைத்து அரைக்கும். துடைக்க உப்பேறிய போர் தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரில் ஒரு குவளை போதும்.

தையலுக்கு வருவோம். உட்புறத்தைத் திருப்பினால் துணி விளிம்புகள் நாடா வைத்து மூடித் தைக்கப்பட்டிருக்க வேண்டும். நூல் பிரிந்து தொங்கினால் அந்தத் தையல் உள்ளிருந்தே அவிழும். தோள்பட்டை வார் மேலே சேரும் இடம்தான் முழு எடையையும் தாங்குகிறது. அங்கே நெருக்கமான குறுக்குத்தையலோ, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். ஒரு கையால் பையையும் மறுகையால் வாரையும் பலமாக இழுத்துப் பாருங்கள். ஊசித்துளைகள் கண்ணுக்குத் தெரியுமளவு விரிந்தால் ஆறு மாதத்தில் வரும் வேலை அது. வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், 5 கிலோ அரிசி மூட்டையும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வைத்து ஓர் இரவு ஆணியில் தொங்கவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள். கேரண்டி அட்டையில் தேய்மானம் சேராது என்றுதான் எழுதியிருப்பார்கள். பூச்சு உதிர்வதையும் அதில் அடக்கிவிடுவார்கள்.

லேப்டாப் உறை பையின் தரையைத் தொடக் கூடாது, இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும். உறைக்குள் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் பையை மேஜையில் மெதுவாக இறக்குங்கள். டக்கென்று சத்தம் கேட்டால் நாளை அந்த இடத்தில் லேப்டாப்பின் மூலை இருக்கும். உறைக்குத் தனி ஜிப் இருந்தால் விமான நிலையச் சோதனையில் துணிமணியைக் கலைக்காமல் லேப்டாப்பை எடுத்துத் தட்டில் வைக்கலாம். பவர் பேங்கும் அதே பக்கம் கைக்கெட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் அவர், விமானத்தில் அனுமதிக்கும் 100 வாட் அவர் வரம்புக்குள்தான். ஆனால் கைப்பையில் மட்டுமே அனுமதி. விமானம் நிரம்பிவிட்டது என்று வாசலில் பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னால், முதலில் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விம்கோ நகர் தடத்து மெட்ரோ தண்டையார்பேட்டையில் இருந்து விமான நிலையத்துக்கே நேராகப் போகிறது. அங்கும் பை ஸ்கேனருக்குள் போகும் என்பதால் பக்கவாட்டு வலைப்பையில் பாட்டில் வைத்தால் அது ஆழமாக இருக்க வேண்டும், இல்லையேல் உருண்டுவிடும்.

மழைக்கு ரெயின் கவரை நம்பி இருக்க வேண்டாம். முன்பக்கத்தை மூடும், முதுகுவழி ஒழுகி இறங்குவதை மூடாது. வாட்டர்ப்ரூஃப் என்று அட்டையில் போட்டிருப்பது துணியைப் பற்றித்தான், ஊசித்துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை நிரந்தரமாக விரித்து, லேப்டாப்பையும் காகிதத்தையும் அதற்குள் வைத்து வாயைச் சுருட்டி மடித்துவிடுங்கள். நனைந்த பையை எல்லா ஜிப்பும் திறந்து, தலைகீழாக, ஃபேன் காற்றில் இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும்.

தோற்றத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வெளியே வரிசையாக நாடா தைத்த ராணுவ பாணி, பெரிய லோகோ, தொங்கும் கயிறுகள் இல்லாமல் இருந்தால் போதும். கறுப்பில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அடர் சாம்பல் அதை மறைக்கும். முதுகுப் பக்கத்தில் பர்ஸ் அளவு ரகசிய பாக்கெட் இருந்தால் கூட்டத்தில் நிம்மதி.

பெரியமேட்டில் சொல்லித் தைக்கலாம், ஆனால் 'நல்ல பையாக ஒன்று' என்று சொல்லித் தைக்கக் கூடாது. தோல் சாமான் புழங்கும் இடம். தடித்த துணி தைக்கும் மெஷினும் கையும் அங்கே உண்டு. குறைபடுவது பெரும்பாலும் ஃபோமும் தோள் வாரின் வடிவமும். நேர்ப்பட்டையாகத் தைத்த வார் கழுத்தை அறுக்கும்; கழுத்தைத் தவிர்த்து வளைகிற எஸ் வடிவம் வேண்டும் என்று உங்கள் பழைய பையையே மாதிரியாகக் கொடுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவை: பிரதான ஜிப் 10 காயில், நைலான் நூல், விளிம்பெல்லாம் நாடா, வார் சேருமிடத்தில் உள்பக்கம் கூடுதல் துணி, லேப்டாப் உறை தரையிலிருந்து 3 செ.மீ. மேலே, அழுத்தினால் உடனே நிமிர்கிற ஃபோம். துணியையும் ஜிப்பையும் நீங்களே பார்த்து வாங்கிக் கொடுப்பது உத்தமம். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், மீதியை அரிசி மூட்டைச் சோதனை முடிந்த பிறகு கொடுங்கள்.