இலங்கையில் நகரக் குடியிருப்புக்கும் கிராமக் குடியிருப்புக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

கேள்வி கேட்டவர் மக்கள்தொகை, தொழில், வசதி என்று மூன்றையும் குறிப்பிட்டு, இவற்றை வைத்து இலங்கையில் ஓர் ஊரை நகரம் என்றோ கிராமம் என்றோ பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் வந்தீர்களென்றால் குழம்பித்தான் போவீர்கள்.

முதலில் அரசாங்கக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாநகர சபை அல்லது நகர சபை எல்லைக்குள் இருந்தால் அது நகரம். பெருந்தோட்டங்கள் தனிப் பிரிவு. மிச்சம் எல்லாம் கிராமம். அங்கே எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. 1981 கணக்கெடுப்பில் நகரவாசிகள் 21.5 சதவீதம், 2012இல் 18.2 சதவீதம். முப்பது வருடத்தில் நாட்டில் நகரம் சுருங்கிவிட்டதா? இல்லை. 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டத்தோடு, அதுவரை நகரக் கணக்கில் இருந்த பழைய பட்டின சபைகள் இல்லாமல் போய், கிராமக் கணக்கில் வரும் பிரதேச சபைகளோடு சேர்ந்தன. அங்கே இருந்தவர்கள் வீட்டைவிட்டு அசையாமலே கிராமத்தவர் ஆகிவிட்டார்கள்.

எங்கள் களுவாஞ்சிகுடியையே எடுங்கள். ஆதார வைத்தியசாலை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பஸ் டிப்போ இருக்கிறது, ஏ4 பிரதான வீதி ஊருக்கு நடுவால் போகிறது. கணக்கில் கிராமம். அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறையும் பிரதேச சபைதான், ஆகவே அதுவும் கிராமம். அதைவிடக் குறைந்த ஆட்கள் வாழும் அம்பாறை நகர சபைப் பகுதி நகரம். மறுபக்கம், மட்டக்களப்பு மாநகர சபைக்குள் இருக்கும் பாலமீன்மடுவுக்குப் போனால் கரைவலையும் தோணியுமாக அசல் மீனவக் கிராமம். காத்தான்குடியில் இருந்து ஆரையம்பதிக்கு வருகிறவருக்கு எந்த இடத்தில் நகரம் முடிந்து கிராமம் தொடங்கியது என்று சொன்னால்தான் தெரியும். கடையும் மதிலும் விடாமல் தொடர்ந்துகொண்டே வரும்.

சரி, இந்தக் கரையோரம் ஏன் இவ்வளவு நெருக்கம்? தொழிற்சாலை வந்து ஆட்களை இழுத்ததால் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, அதாவது கடலோடு சேரும் நீண்ட உப்பங்கழி. நடுவில் இருப்பது ஒடுங்கிய மணல் துண்டு. அதற்குமேல் எங்கள் சீதன வழக்கம். இங்கே தமிழர், முஸ்லிம் இரு தரப்பிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். மூத்தவள் கலியாணம் முடித்ததும் தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் (வீட்டுக் காணியின்) பின்பக்கம் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவள் கலியாணத்துக்கு அதையும் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போவார்கள். ஒரு காலத்தில் கிணறும் மாமரமும் நின்ற ஒரே வளவில் இன்றைக்கு அக்கா தங்கைகள் நாலு பேருடைய வீடும், கூரையோடு கூரை முட்டிக்கொண்டு, நடுவில் மோட்டார் சைக்கிள் மட்டும் போகக்கூடிய ஓர் ஒழுங்கையும் இருக்கும். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது எங்கும் இதுதான் கதை. வெளியூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு 'பெரிய டவுன்' என்பார்கள். என் கணக்கில் அது பாதி குடும்பக் கதை.

அதனால் எங்கள் மாவட்டத்தில் நகரம் கிராமம் என்று கோடு போடச் சொன்னால் நான் சபை எல்லையில் போடமாட்டேன், வாவியில் போடுவேன். கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எல்லாம் அந்தப் பக்கம். வயல் அங்கே, வயல்காரரில் பலர் இங்கே. போடியாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு) வீடு எழுவானில், வட்டை (வயல்வெளி) படுவானில். வேளாண்மையைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் மட்டும் வயல் வாடியில் (குடிசையில்). வெட்டு மெசின் எப்போது இறங்குவது, நெல்லை யாருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் இந்தக் கரையில் முடிவாகும். காணி விலை பேசுகிறவர்களைக் கவனித்தாலே தெரியும்: இங்கே பேர்ச்சஸ் கணக்கு, அங்கே ஏக்கர் கணக்கு. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ்.

யுத்த காலத்தில், 2007 வரை, அதே வாவிதான் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் கட்டுப்பாட்டு எல்லையாகவும் இருந்தது. மண்முனைத் துறையில் பாதையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி இறக்கும் மிதவை.) 2014இல் ஜப்பான் உதவியில் மண்முனைப் பாலம் திறந்ததும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலம் வந்தால் கிராமம் நகரமாகிவிடும் என்று அப்போது பேசியவர்களோடு எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை. நகரத்தில் இருந்து படிப்பிக்கப் போகிற ஆசிரியர்கள் இப்போது காலையில் போய், பள்ளி விட்டதும் திரும்பிவிடுகிறார்கள். பின்னேரம் பாலத்தில் நின்று பாருங்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே திசையில்தான் வரும். முன்பு ஊரிலேயே தங்கிய ஆசிரியர் இரவில் நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கொக்கட்டிச்சோலையில் உடுப்பு வாங்கியவர்களும் இப்போது டவுனுக்கே போகிறார்கள்.

எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது படிப்புத்தான். மின்சாரம், போன், கொங்கிறீட் வீதி எல்லாம் இரண்டு பக்கமும் வந்துவிட்டன. உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பில்) விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் படுவான்கரைப் பிள்ளை பெரும்பாலும் வாவியைத் தாண்டி வந்தாக வேண்டும். டியூசன் முடிய இருட்டிவிடும், அதற்குப் பிறகு பஸ் இருக்காது. ஆகவே டவுனில் அறை எடுக்க வேண்டும், அல்லது சொந்தக்காரர் வீட்டில் நிற்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் போகின்றன. பின்தங்கிய மாவட்டத்துக்கு உதவத்தான் அந்த ஏற்பாடு. மாவட்டத்துக்குள்ளேயே டவுன் பிள்ளையும் வெல்லாவெளிப் பிள்ளையும் அதே இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அப்புறம் படுவான்கரையில் யானை. அறுவடை முடிந்து நெல் மூட்டையை வீட்டுக்குள் வைத்தால் வாசனைக்கு வந்து சுவரை இடித்துவிடும். கடன் ஒரு பக்கம், யானைப் பயம் ஒரு பக்கம் என்று விலை ஏறும்வரை பொறுக்காமல் ஈர நெல்லையே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எழுவான்கரையில் களஞ்சியம் வைத்திருப்பவர் அதை வாங்கிக் காய வைத்து, இரண்டு மாதம் கழித்து விற்பார்.

பரீட்சைக்கோ ஒப்படைக்கோ இதைக் கேட்டிருந்தால் முதலில் நகரம், கிராமம், தோட்டம் என்ற அரசாங்கப் பிரிவையே எழுதுங்கள், புள்ளி அதற்குத்தான் கிடைக்கும். உண்மையாகவே அறிய வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலத்தால் ஒரு நாள் வெல்லாவெளிப் பக்கம் போய், அங்குள்ள ஒரு தாயிடம் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, எப்படிப் போய் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.