கம்பத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். பைக் ஏறக் கூடாதென்று முனையில் இரும்புக் கம்பங்கள். அம்மாவின் சக்கர நாற்காலி நுழையவில்லை. கம்பத்தை எடுத்தால் பைக் வந்துவிடும் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, டெல்டா மாவட்டம்

பதில்: முதலில் டேப் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அளந்து பாருங்கள், அம்மா. நாற்காலியே ஏறக்குறைய 65 செ.மீ. அகலம் இருக்கும், சக்கரத்தைத் தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும். 90 செ.மீ.க்குக் குறைந்தால் சிரமம்தான். அந்த இடைவெளியில் பைக்கும் நுழையும், உண்மைதான். நுழைந்தால் அபராதம் போடட்டும். பைக்காரருக்குப் பயந்து உங்கள் அம்மாவை ரோட்டில் இறக்கிவிடுவது என்ன நியாயம்?

கையோடு சாய்தளத்தையும் அளந்துவிடுங்கள். நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எங்கே மிச்சம் பிடிப்பார்கள் என்று தெரியும். ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது கணக்கு. நடைபாதை 15 செ.மீ. உயரமென்றால் சரிவு 180 செ.மீ. ஓட வேண்டும். இரண்டடியில் முடித்துவிட்டு "ராம்ப் போட்டாச்சு" என்பார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும்.

மனுவில் வெறுமனே 'ஆவன செய்யவும்' என்று எழுதாதீர்கள். அளவுகளை எழுதி, போட்டோ வைத்து ஆணையருக்குக் கொடுங்கள். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். 'அதெல்லாம் வழிகாட்டுதல்தானே' என்று யாராவது இழுத்தால், அணுகல் தரங்கள், அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வருவதற்கான அளவுகள், கட்டாய விதிகளாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த தெருவுக்கு டெண்டர் விடும்முன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காகிதத்தில் கம்பத்தை நகர்த்த ரப்பர் போதும்; நட்டபிறகு கான்கிரீட்டை உடைக்கணும்.

கேள்வி: நடைபாதையில் புடைப்பு புடைப்பாக மஞ்சள் டைல்ஸ் பதிக்கிறார்களே, அழகுக்கா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பார்வையற்றோருக்கு. ஜப்பானைச் சேர்ந்த மியாகே செய்இச்சி 1965இல் உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் நடக்கலாம். புள்ளி என்றால் நின்று கவனிக்க வேண்டும், முன்னால் படியோ சாலையோ இருக்கிறது. நம் ஊரில் கோடு நேரே போய் டிரான்ஸ்பார்மரில் முட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதை மாற்ற மாநகராட்சிதான் வர வேண்டும். ஆனால் டைல்ஸ் மேலேயே கடை போர்டை வைக்கிறார்களே, அதை நகர்த்தச் சொல்ல மனுவெல்லாம் வேண்டாம். கடைக்காரரிடம் நீங்களே சொல்லலாம்.