வாய்தா நாட்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதிக் குளத்தில் கட்டடக் கழிவைக் கொட்டி நிரப்புகிறார்கள். மனு கொடுத்து ஓய்ந்துவிட்டோம். அடுத்த மாதம் லாரிகளை மறித்து உட்காருவதென்று ஒரு குழு முடிவெடுத்திருக்கிறது. அதில் நால்வர் மீது ஏற்கெனவே வழக்கு நடக்கிறது. நானும் போக விரும்புகிறேன். வழக்கு வந்தால் பாஸ்போர்ட் கிடைக்காது என்கிறார் அப்பா. சட்டத்தை மீறுவது ஜனநாயகத்துக்கு ஏற்றதா என்ற குழப்பமும் இருக்கிறது. இடிந்தகரையில் அத்தனை பேர் போராடியும் கூடங்குளம் அணு உலை ஓடத்தானே செய்கிறது? ஆனாலும் ஒருமுறையாவது கைதாகிப் பார்க்க வேண்டும் என்று மனம் சொல்கிறது.

ந., கோவை

அன்புள்ள ந.,

ஜனநாயகக் குழப்பத்தை விட்டுவிடுகிறேன். தடையை மீறி உப்பு எடுத்தவர்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்திருக்கும் நாட்டில் அதைப் புதிதாக விவாதிக்க ஒன்றுமில்லை.

என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. கைதாகிப் பார்க்க வேண்டுமா? எதற்கு? காலையில் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, மாலையில் அனுப்பிவிடுவதைத்தான் நீங்கள் கைது என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இடிந்தகரையைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள்.

2012 செப்டம்பர் 10 அன்று அந்தக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப் புகையும் நடந்தன. மூன்று நாள் கழித்து அதே மக்கள் கடலுக்குள் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படத்தில் இல்லாதது அதன் பிறகு நடந்தது. கைதான பெண்கள் சிலர் திருச்சிச் சிறையில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம் உட்பட வழக்குகள். 2013 மே மாதம் அணு உலைக்கு அனுமதி அளித்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. 2021இல்கூட அவ்வழக்குகளை வாபஸ் பெறுவது பற்றிய அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்த பையன்களுக்கு பாஸ்போர்ட் முடங்கியது அப்போதுதான். உங்கள் அப்பா சொல்வதில் பொய்யில்லை.

தென்மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் வராந்தாவில், வேறொரு கடலோரப் போராட்ட வழக்கின் வாய்தாவுக்காக ஒரு நாள் காத்திருந்தேன். பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மடியில் மஞ்சள் பை. அதற்குள் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் உறையில் சம்மன், மடிப்பு வாக்கில் கிழியத் தொடங்கியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். பதினொன்றரைக்கு நீதிமன்றச் சேவகரான டவாலி பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார். அது தன் பெயர்தானா என்று அந்த அம்மா தயங்கி எழுவதற்குள் குமாஸ்தா வந்து, ஐயா லீவு, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்றார். அவ்வளவுதான் அன்றைய நீதி. கூட வந்த மகன் அன்று தொழிலுக்குப் போகவில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட சொந்தக்காரர், "வீட்டு வரி ரசீது இன்னும் எத்தனை நாள் கோர்ட்டிலேயே கிடக்கும்?" என்று போன வாரம் சண்டை பிடித்தாராம். போராட்டத்தின்போது கூட நின்றவர்கள், படம் எடுத்தவர்கள், கட்டுரை எழுதியவர்கள் ஒருவரும் வராந்தாவில் இல்லை. அந்த அம்மாவுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்ட மறுப்பு ஒருபோதும் மறித்து உட்காருபவரை மட்டும் நம்பி நடந்ததில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தார். அவர்களுக்குச் சோறோ இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்றார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ஊர்க்காரர்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், முகம் மழிக்க உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார். சிறைக்கும் போனார். அவர் உப்பு அள்ளியவர் அல்லர். அந்தப் பொட்டலம் கட்டியவர்களின் பெயர்கூட நம்மிடம் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்த நடை கும்பகோணத்தைத் தாண்டியிருக்காது.

உலை ஓடுகிறது, ஆம். ஆனால் அதே 2012இல் மத்தியப் பிரதேசத்தின் கோகல்கானில் 17 நாட்கள் தண்ணீருக்குள் நின்ற மக்களுக்காக ஓங்காரேஷ்வர் அணையின் நீர்மட்டத்தைக் குறைக்க அரசு ஒப்புக்கொண்டது. 1974இல் இன்றைய உத்தராகண்டின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் பெண்களும் மரங்களைக் கட்டிக்கொண்டு வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. இரண்டிலும் கடைசியில் தனித்து விடப்பட்டவர்கள் யார் என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் நல்ல மனம் உள்ளவர், அது கடிதத்தில் தெரிகிறது. குளத்துக்காகத் தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறீர்கள். உட்காருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாஸ்போர்ட் விஷயத்தை முன்னதாகவே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு இருந்தாலும் நீதிமன்ற அனுமதியோடு வாங்க வழியுண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்று. நால்வர் மீது வழக்கு நடப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று அவர்களிடம் கேளுங்கள். அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடப் போங்கள். ஜாமீனுக்கு ஆள் வேண்டுமென்றால் அப்பாவிடம் வீட்டு வரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.